வண்டி உங்கள் ஷெட்டில், ஆர்.சி. இறந்தவர் பெயரில்: கூலி வராத மெக்கானிக் என்ன செய்யலாம்?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2022 பிப்ரவரியில் அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர், ஒரு காரைச் சீர்செய்து தரச் சொல்லி லாரியில் ஏற்றி அனுப்பினார். 1965 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே பேர் உட்காரும், கூரை மடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். வாடிக்கையாளரின் அப்பா எழுபதுகளில் பெங்களூரில் வாங்கியது. அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, தோப்பில் புளியமரத்தடித் தகரக் கொட்டகையில் பதினெட்டு வருடம் கிடந்திருக்கிறது. “போனட்டைத் தூக்கினேன் சார், உள்ளே ஒரு சாண் உயரத்துக்குப் புளிய இலை. இலையை அள்ளினால் தகரமும் கையோடு வந்தது” என்கிறார்.

பேசியது 4 லட்சம், எல்லாம் வாய்ப்பேச்சு. பிரித்துப் பார்த்ததும் வேலை இரண்டு மடங்கானது. 2024 நவம்பரில் வேலை முடித்து, வண்டி ஓடும் வீடியோவை அனுப்பினார். அவர் போட்ட கணக்கு 8,80,000 ரூபாய்: வேலைக்கூலி 4,10,000, சாமான்கள் 2,60,000, பெயிண்டிங் 1,50,000, அதன் பிறகு ஒரு வருட ஷெட் வாடகை 60,000. கைக்கு வந்தது 3 லட்சம், கடைசியாக வந்தது 2023 ஜூனில். வாடிக்கையாளரோ, “பேசினது நாலுதானே அண்ணா, மிச்சம் ஒண்ணு தர்றேன், வண்டியை விடுங்க. இல்லேன்னா வண்டியைத் திருடிட்டீங்கன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுப்பேன்” என்கிறார்.

இதற்கு நடுவில் வாடிக்கையாளரின் அக்காவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். அப்பா 2014-ல் காலமாகிவிட்டார், ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, வண்டியில் எனக்கும் பாதி உண்டு, தம்பியிடம் கொடுக்கக் கூடாது என்று. போதாக்குறைக்கு, ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண் வேறு, வண்டியில் உள்ள எஞ்சின் எண் வேறு.

ஒரு வருடம் யாரும் எடுக்காவிட்டால் விற்றுக்கொள்ளலாமா, போட்ட சாமானைக் கழற்றிக்கொள்ளலாமா, போலீஸ் வந்தால் என்ன செய்வது, கடைசியில் வண்டியை யாரிடம் கொடுப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை முடித்து, கையெழுத்தும் போட்ட பிறகு, “இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்” என்று கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிறு விடிகாலையில் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) வரை ஓட்டிப் போனதும், அங்கே படம் எடுத்ததும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் அந்த இரண்டு வரிதான். அதைப் பின்னால் பேசுவோம். முதலில் உங்களுக்குச் சாதகமானது.

பிடித்து வைக்கலாம், அதுவும் சட்டப்படியே

பழுது பார்க்கக் கொடுத்த பொருளைச் சட்டம் ‘ஒப்படைப்பு’ என்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளின்மேல் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. இதற்குப் பற்றுரிமை என்று பெயர். கோர்ட்டில் லியன் என்போம். சட்டமே இரண்டு உதாரணம் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை வைரக்காரர் வைத்துக்கொள்ளலாம். கோட்டு தைக்கத் துணி வாங்கிய தையல்காரர், “தைத்தவுடன் தருகிறேன், பணத்தை மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள்” என்று சொல்லியிருந்தால் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது.

அந்த இரண்டாவது உதாரணத்தை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் நகலில் 2023 அக்டோபரில் ஒரு இடம் இருக்கிறது. அவர் “தீபாவளிக்கு அப்புறம் மொத்தமா செட்டில் பண்றேன்ணா” என்கிறார். நீங்கள் “சரி தம்பி” என்று போட்டிருக்கிறீர்கள். வேலை பாதியில் இருந்தபோது சொன்னது, முடிந்த வேலைக்குத் தவணை கொடுத்ததாகாது என்று நான் வாதாடுவேன். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது இந்த ‘சரி தம்பி’யில்தான். இனிமேல் “வண்டியை எடுத்துட்டுப் போங்க, பணம் அப்புறம் பார்க்கலாம்” என்ற பொருள்படும் எதையும் பேசவோ டைப் செய்யவோ வேண்டாம்.

பற்றுரிமை உங்கள் கையில் பொருள் இருக்கும்வரைதான். “ஒரே ஒரு நாள் பழைய கார் ஊர்வலத்துக்குக் கொடுங்கண்ணா, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன்” என்று கேட்டால் நட்புக்காகக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி உங்கள் கேட்டைத் தாண்டியதும் உரிமையும் தாண்டிவிடும். அப்புறம் நீங்களும் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சாதாரண ஆட்களில் ஒருவர். வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்த உரிமைக்குள் எது வரும், எது வராது என்பதில் நீங்கள் மூன்று இடத்தில் தவறிவிட்டீர்கள். அதே வாடிக்கையாளரின் ஜீப்புக்கு முன்பு பார்த்த வேலையில் 18,000 பாக்கி என்று, அந்த 8,80,000-க்கு மேல் அதையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். கூடாது. இந்த வண்டிக்குச் செய்த வேலைக்கு மட்டுமே இந்த வண்டியைப் பிடிக்கலாம். எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பிடிக்கும் பொதுப் பற்றுரிமையை 171-ஆவது பிரிவு வங்கிக்காரர் மாதிரிச் சிலருக்கு மட்டும் தருகிறது. ஒப்பந்தம் ஏதும் எழுதிக்கொள்ளாத மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை. ஜீப் பாக்கியைத் தனியாகக் கேளுங்கள்.

ஷெட் வாடகை 60,000 இரண்டாவது. உங்கள் பாதுகாப்புக்காக நீங்கள் பிடித்து வைத்திருக்கும் பொருளுக்கு, பிடித்து வைத்த காலத்துக்கான வாடகையை எதிராளியிடம் கேட்க முடியாது. பழுது பார்த்த கப்பலைப் பாக்கிக்காக நிறுத்தி வைத்த ஒருவர் துறை வாடகையும் கேட்டபோது, 1860-லேயே இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றம்) மறுத்துவிட்டது. நம் கோர்ட்டிலும் அந்த வாதம்தான் உங்கள் எதிரே வந்து நிற்கும். வாடகை உண்டு என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தால் கதை வேறு, நீங்கள் பேசவில்லை. எடுத்துவிடுங்கள். கேட்க முடியாத 60,000-ஐக் கேட்டால், கேட்க முடிந்த 5,20,000-த்தையும் நீதிபதி சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்.

மூன்றாவது, சாமான்கள். வண்டியில் பொருத்தியது வண்டியோடு சேர்ந்துவிட்டது. உங்கள் காசில் வாங்கிய வயரிங்காக இருக்கட்டும், இங்கிலாந்திலிருந்து தருவித்த எஸ்.யூ. கார்புரேட்டர் சாமானாக இருக்கட்டும், கோபத்தில் கழற்றினால் அது சேதம் விளைவித்த குற்றமாக உங்கள் மேலேயே திரும்பும். இன்னும் பொருத்தாமல் டப்பாவில் இருக்கும் ஒரு ஜோடி கதவு ரப்பர், அவர் காசு கொடுக்காத வரைக்கும் உங்களுடையது. அந்த வித்தியாசம் பில்லில் தெரியட்டும்.

விற்க முடியாது

ஒரு வருடம் எடுக்காவிட்டால் விற்கலாம் என்று யார் சொன்னார்கள் என்று எழுதவில்லை. பட்டறைகளில் “30 நாட்களுக்குள் எடுக்காத வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று போர்டு தொங்கும் அல்லவா, அந்த போர்டுக்குப் பக்கத்தில் பிறந்த சட்டம் என்று நினைக்கிறேன். நகையை அடகு பிடித்தவருக்கு, தக்க அறிவிப்புக் கொடுத்து விற்கும் உரிமை 176-ஆவது பிரிவில் இருக்கிறது. கண்டெடுத்த பொருளை விற்கவும் சில சூழ்நிலைகளில் 169-இல் வழி உண்டு. வேலை செய்தவருக்கு 170 தருவது பிடித்து வைக்கும் உரிமை மட்டும். இன்று ஆசைப்பட்டு வரும் ஒருவரிடம் விற்றீர்களானால், இதுவரை பாக்கிக்காரராக இருந்தவர் புகார்தாரர் ஆகிவிடுவார், நீங்கள் நம்பிக்கை மோசடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். வாங்கியவரும் ஆர்.சி. மாற்ற முடியாமல் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்.

விற்க இரண்டு வழிதான். வழக்குப் போட்டு, தீர்ப்பாணை வாங்கி, நிறைவேற்று மனுவில் வண்டியை ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. வாரிசுகள் எல்லோரும் எழுத்தில் சம்மதித்து, விற்ற பணத்தில் முதலில் உங்கள் பாக்கி, மீதி அவர்களுக்கு என்று ஒப்பந்தம் போடுவது மற்றொன்று. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் உங்கள் வழக்கு போய்ச் சேரும் இடம். அக்காவுக்கு வண்டி வேண்டியதில்லை, பங்கு வேண்டும். தம்பிக்கு வண்டி வேண்டும், பணம் இல்லை. நோட்டீஸின் வரிகளுக்கு நடுவில் அது தெரிகிறது.

நாலு லட்சம் பேசி எட்டு லட்சம் எப்படி?

நீங்கள் நினைப்பதுபோல் இது எளிதான கேள்வி அல்ல. “வேலை நடந்தது கண்ணால் தெரியுதே சார்” என்கிறீர்கள். வேலை நடந்தது தெரியும். அதை அவர் செய்யச் சொன்னாரா என்பதுதான் கேள்வி. பேசிய தொகைக்கு மேல் கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

உங்களிடம் இரண்டு நல்ல சங்கதி இருக்கிறது. ஒன்று, 2022 செப்டம்பரில் அவர் அனுப்பிய குரல் பதிவு. துருவின் படங்களைப் பார்த்துவிட்டு, “செலவைப் பத்தி யோசிக்காதீங்கண்ணா, அப்பா ஓட்டின மாதிரியே இருக்கணும், அடியோட மாத்திடுங்க” என்கிறார். அதைப் பத்திரப்படுத்துங்கள். வேறு போனுக்கு அனுப்பி வைத்தால் போதாது. அது வந்து விழுந்த அதே போன் வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-இன் 63-ஆவது பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் தர வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். போனை மாற்றப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றுங்கள், பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் எடுத்து வைத்த படங்கள். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டிகள் இரண்டு பக்கமும் அரித்துப் போயிருந்தன, இந்த வண்டியில் அடியில் சேசிஸ் இருந்தாலும் பாடி விறைப்பாக நிற்பதற்கு அந்தப் பெட்டிகளும் வேண்டும், அதனால் வெட்டுவதற்கு முன் இரண்டு கதவுத் திறப்பிலும் குறுக்கே ஆங்கிளை வெல்ட் பிடித்து, அளவு எடுத்து, பிறகுதான் வெட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவு இடைவெளி ஒரே சீராக வர மூன்று மாதம் ஆனது என்றும். படத்தில் அந்த ஆங்கிள், அதில் சாக்பீஸில் எழுதிய அளவு, தேதி எல்லாம் தெரிகிறது. கார் தெரியாத எனக்கே அதைப் பார்த்ததும் புரிந்தது. டிரைவர் பக்கக் கதவு முன்போல் சாத்தவில்லை, பாடியை வெட்டிக் கெடுத்துவிட்டார் என்பது அவர்களுடைய அடுத்த குற்றச்சாட்டாக வரும். அதற்கான பதில் அந்தப் படம். ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்க வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. நீங்கள் அதைவிட நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள்.

குரல் பதிவில் அடங்காத வேலைக்கு 70-ஆவது பிரிவு உதவும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி ஒருவருக்காக ஒன்றைச் செய்து, அதன் பலனை அவர் அனுபவித்தால், அவர் ஈடு தர வேண்டும். ஆனால் அதில் கிடைப்பது நியாயமான மதிப்பு. நீங்கள் போட்ட விலை அப்படியே கிடைக்காது. பெயிண்டிங்குக்கு 1,50,000 என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்களே, அது நிற்காது. எத்தனை நாள், எத்தனை ஆள், பிரைமர், பட்டி, பெயிண்ட் என்ன விலை, எந்தக் கடை பில் என்று பிரித்து எழுதுங்கள். ஓசூரில் வாங்கிய பெயிண்ட் பில் காணோம் என்றால் கடையில் நகல் கேளுங்கள்.

அவரும் சும்மா இருக்க மாட்டார். சேவைக் குறைபாடு என்று இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்குப் பயந்து கணக்கைக் குறைக்க வேண்டாம். ஆனால் வரும் என்று தெரிந்து இருங்கள்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்

போங்கள். ஒளிய வேண்டாம், வண்டியை மச்சான் வீட்டுக் கொட்டகைக்கு மாற்றவும் வேண்டாம். அவரே லாரி வைத்து அனுப்பிய வண்டி. உங்கள் கைக்கு வந்தது அவர் சம்மதத்தோடு, அதனால் திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. கூலிக்காக வெளிப்படையாகப் பிடித்து வைப்பதில் நம்பிக்கை மோசடிக்கு வேண்டிய கெட்ட எண்ணமும் இல்லை. மறைத்தால்தான் அந்த எண்ணம் இருப்பதாகத் தோன்றும். பில், படங்கள், அக்காவின் நோட்டீஸ் நகல் ஆகியவற்றோடு போய், இது சிவில் விவகாரம் என்று எழுத்தில் விளக்கம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். “பாதியை வாங்கிக்கிட்டு வண்டியை விட்டுடுப்பா” என்று அங்கே சமரசம் பேசுவார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிடலாம். அங்கேயே உட்கார்ந்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அக்காவா, தம்பியா?

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது என்று தெரிகிறது. ஆனால் உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு இங்கேதான் அதிகம்.

உயில் இல்லாமல் அப்பா இறந்திருந்து, அம்மாவும் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஆகவே அக்கா கேட்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதைத் தீர்த்து வைக்கும் வேலை உங்களுடையது அல்ல. ஒப்பந்தச் சட்டம் 166: ஒப்படைத்தவருக்கு உரிமை இல்லாமலே இருந்தாலும், நல்லெண்ணத்தோடு அவரிடமே திருப்பிக் கொடுத்தவர் உண்மையான உரிமையாளருக்குப் பொறுப்பாக மாட்டார். 167: மூன்றாம் நபர் ஒருவர் பொருள் என்னுடையது என்றால், கொடுப்பதை நிறுத்தி உரிமையைத் தீர்மானிக்கும்படி அவர் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதாவது, அக்கா போக வேண்டிய இடம் கோர்ட். உங்களுக்கு நோட்டீஸ் விட்டதோடு அவர் வேலை முடியவில்லை.

ஆனாலும் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு ராவோடு ராவாகத் தம்பியிடம் கொடுத்தால், அந்த ‘நல்லெண்ண’த்தின் மேல் கேள்வி வரும். எனவே அக்காவின் வக்கீலுக்குப் பதில் எழுதுங்கள்: வண்டி இன்ன இடத்தில் பத்திரமாக இருக்கிறது, இவ்வளவு பாக்கி, அது தீரும்வரை யாரிடமும் தரப்போவதில்லை, தீர்ந்த பிறகு ஒப்படைத்தவரிடம் தருவேன், அதற்குள் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் நீதிமன்ற உத்தரவு கொண்டுவாருங்கள் என்று.

ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 2023 மே மாதம் அந்த அக்கா பிள்ளைகளோடு பட்டறைக்கு வந்தார், அரைகுறையாக நின்ற வண்டியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுத்தார், போகும்போது ஒரு கூடை மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனார் என்று. அந்தக் கூடை மாம்பழம் உங்களுக்குச் சாட்சி. வேலை நடப்பது அவருக்குத் தெரியும், ஆட்சேபிக்கவில்லை; பலனில் பங்கு கேட்பவர் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்று அவரிடமும் கேட்க அது இடம் தருகிறது. அன்று அவர் உங்களுக்கு அனுப்பிய படங்கள் போனில் இருந்தால் தேதியோடு எடுத்து வையுங்கள்.

எஞ்சின் எண்

எஞ்சின் மாறியதில் அதிசயம் இல்லை. ஸ்பிட்ஃபயரே ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்த பாடியை ஏற்றிப் பிறந்தது. அந்த ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. ஆகவே 1147 சி.சி. எஞ்சின் போனதும், கைக்கு எட்டிய மெட்ராஸ் ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினை எண்பதுகளில் யாரோ போட்டிருக்கிறார்கள் என்ற உங்கள் ஊகம் சரியாகவே இருக்கும். என் பெரியப்பாவிடம் தருமபுரியில் ஒரு ஹெரால்டு இருந்தது. முன்பக்கம் முழுவதும் அப்படியே கவிழ்ந்து திறப்பதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் கூடுவோம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் “பழைய எண்ணையே பஞ்ச் அடித்துவிடலாம்” என்று பெங்களூர் ஏஜெண்ட் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். இதுவரை உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தச் சுத்தியலை எடுத்த நிமிடத்திலிருந்து உண்டு. வண்டி உங்கள் ஷெட்டுக்கு வந்த அன்றே எஞ்சின் எண் இதுதான் என்பதைக் காட்டும் படத்தை, நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரிஜினல் எஞ்சினை நீங்கள்தான் கழற்றி விற்றீர்கள் என்று கதை திரும்பும்.

மற்றபடி ஆர்.சி. அவர்கள் பாடு. மைசூர் மாநிலக் காலத்து எம்.ஒய். எண் கொண்ட வண்டி. அப்பா பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி என்று அவர்களுக்கு நடை இருக்கிறது. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், அன்றாட ஓட்டத்துக்கு ஆகாது. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாறிய எஞ்சின் அங்கே இடிக்கும். “விண்டேஜ் நம்பர் நானே வாங்கித் தருகிறேன்” என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். உங்களால் முடியாத காரியம் அது. எழுத்தில் திரும்பப் பெறுங்கள்.

அணை வரை போன ஓட்டம்

வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. மகனோடு அணைக்குப் போய்ப் படம் எடுப்பது அந்தக் கணக்கில் வராது. ஒப்படைத்த நிபந்தனைக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தினால், அப்போது நேரும் சேதத்துக்கு ஒப்படைப்புப் பெற்றவரே பொறுப்பு என்கிறது 154-ஆவது பிரிவு. போதாததற்கு அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, பதிவும் புதுப்பிக்கப்படவில்லை. நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. வழியில் ஒரு டூவீலர்காரர் குறுக்கே வந்திருந்தால், இழப்பீடு 5,20,000-த்தோடு நின்றிருக்காது.

படத்தை அழிக்க வேண்டாம். அது ஏற்கெனவே நாலு பேர் போனில் இருக்கும், அழித்தால் ஒளித்ததாகும். கேட்டால் ஓட்டம் சோதிக்கப் போனேன், மகன் கூட வந்தான், அதோடு சரி என்று உள்ளதைச் சொல்லுங்கள். வண்டி இனி ஷெட்டை விட்டு நகரக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

வாடகையும் ஜீப் பாக்கியும் இல்லாத புதுப் பில்லோடு, 5,20,000 ரூபாய் கேட்டு, வக்கீல் மூலம் தம்பிக்கு ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி நோட்டீஸ், நகல் அக்காவுக்கு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் எப்போது வேண்டுமானாலும் வண்டியைப் பார்க்கலாம் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

பதில் வரவில்லை என்றால் உடனே வழக்குக்கு ஓட வேண்டாம். கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. மூன்று தரப்பையும் ஒரே மேசைக்குக் கூப்பிட அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அங்கே நீங்கள் எவ்வளவு வரை இறங்குவீர்கள் என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். என் கணிப்பில் நாலேகால், நாலரைக்கு முடிந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அதுவும் கூடாவிட்டால் சிவில் வழக்கு. பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. வேலை நடந்ததும் பணம் வர வேண்டியதும் இங்கே என்பதால் கிருஷ்ணகிரியிலேயே போடலாம். வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருடம், அதாவது 2027 நவம்பருக்குள். ஆனால் 2023-இல் முடித்த வேலைக்கு அப்போதிருந்தே காலம் ஓடுகிறது என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். ஆகையால் 2027 வரை காத்திருக்க வேண்டாம், சமரசம் கூடவில்லை என்று தெரிந்ததும் போட்டுவிடுங்கள்.

வண்டி உங்களிடம் இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. டேங்கில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள், பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள், வயரிங்கை எலி கடிக்காமல் பாருங்கள். முன்சக்கர ட்ரன்னியனுக்கு (சக்கரம் திரும்பும் மூட்டு) கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; விட்ட தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை, அன்றைய செய்தித்தாளைப் போனட் மேல் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். நோட்டீஸ் அனுப்பும் நாளில் அந்த நோட்டையும் பழைய போனையும் எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் போங்கள். கூடவே அணையில் எடுத்த படத்தையும் காட்டுங்கள். அவர் அதை எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டும்போதுதான் முதன்முதலாகப் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.